காலா லில்லி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால்...

ஊட்டி, கொடைக்கானல் போய் வருகிறவர்கள் முன்பெல்லாம் தைலமும் வர்க்கியும் வாங்கி வருவார்கள். இப்போது கூடவே ஒரு செடியோ கிழங்கோ வருகிறது. வெள்ளை வெளேரென்று புனல் மாதிரி விரிந்து, நடுவில் மஞ்சள் குச்சி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காலா லில்லிதான். மலையில் ஓடைக் கரையிலும் சதுப்பிலும் தானாகவே மண்டிக் கிடக்கும் செடி. அதைக் காஞ்சிபுரத்து மொட்டை மாடியில் வைத்துவிட்டு, "வளர்க்கலாமா ஐயா, விஷமாமே?" என்று கேட்கிறார்கள்.

வளர்க்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அது எப்படிப்பட்ட செடி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் தொட்டி உள்ளே வர வேண்டும்.

பெயரை நம்பாதீர்கள்

காலா லில்லி, லில்லியே இல்லை. தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-ல் இதைக் 'காலா' என்ற இனத்தில் சேர்த்தார். 1826-ல் அது தப்பு என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பூர்வீகம் தென் ஆப்பிரிக்கா. குடும்பம் எது தெரியுமா? நம் கருணைக்கிழங்கு, சேனை, சேம்பு இவற்றின் குடும்பம்தான். நாம் பூ என்று பார்த்து மயங்கும் வெள்ளைப் பகுதி, தென்னம்பாளை மாதிரி ஒரு மடல். நிஜமான பூக்கள் பொடிப்பொடியாக அந்த மஞ்சள் குச்சியில் இருக்கின்றன.

சொந்தம் தெரிந்துவிட்டால் குணமும் தெரிந்துவிடும். கருணை நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது? அதற்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. காலா லில்லியின் இலை, தண்டு, பூ, கிழங்கு எல்லாவற்றிலும் அதே ஊசிதான். குழந்தை ஒரு இலையைக் கடித்தால் உதடு, நாக்கு, தொண்டை எரியும், வீங்கும், எச்சில் ஒழுகும். எரிச்சல் உடனே வந்துவிடுவதால் யாரும் நிறையத் தின்பதில்லை. அதனால் உயிருக்கு ஆபத்து அபூர்வம். ஆனாலும் தொண்டை வீங்கி மூச்சை அடைத்தால் விளையாட்டு இல்லை. வரவேற்பறையில் வைத்திருக்கிறீர்களே மணி பிளான்ட், அதுவும் இதே ஜாதிதான்.

லேகியத்துக்கு ஆகாது

எங்கள் ஊரில் நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு மூலத் தொந்தரவு சகஜம். கருணைக்கிழங்கு லேகியம் அவர்களுக்குப் பழக்கமான மருந்து. ஒரு தறிக்காரர் வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "கருணைக்குப் பங்காளின்னு சொல்றீங்களே, அப்போ இந்தக் கிழங்கையும் மூலத்துக்குச் சாப்பிடலாமா?"

கூடவே கூடாது! கருணையைப் புளி விட்டு வேகவைத்துப் பக்குவம் பண்ண நம் பாட்டிமார்கள் பல தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். சித்த மருத்துவத்திலும் அதைச் சுத்தி செய்துதான் சேர்க்கிறோம். காலா லில்லிக்கு நம்மிடம் அப்படிப்பட்ட அனுபவம் எதுவும் இல்லை. அது கண்ணுக்கு மட்டும்தான். கிழங்கை எடுத்து வைத்தால் சமையலறைக் கூடையில் போடாதீர்கள். பெயர் எழுதித் தனியாக வையுங்கள்.

'லில்லி' என்ற பெயரில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளை ஆங்கிலத்தில் குளோரி லில்லி என்பார்கள். அதன் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. அதிலுள்ள கோல்ச்சிசின் ஆளையே கொல்லும். ஒன்று எரிக்கிறது, ஒன்று கொல்கிறது. இரண்டுக்கும் பெயர் லில்லி! எனவே கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பிச் செடி வாங்காதீர்கள்.

குழந்தை கடித்துவிட்டால்

வாயில் இருப்பதைத் துடைத்து எடுங்கள். வாயைக் கழுவி, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாறு கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். மூச்சு திணறினால், குரல் மாறினால், விழுங்க முடியாவிட்டால் உடனே 108. அந்த நேரத்தில் சித்தாவா, இங்கிலீஷ் மருந்தா என்று யோசிக்க வேண்டாம். நானே ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். கடித்த இலையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நம் வெயிலில் வளர்க்க

குளிர்ப் பிரதேசச் செடி என்பதால் ஐப்பசி மழைக்குப் பிறகு நடுவதே நல்லது. மட்கிய எரு கலந்த மண், காலை வெயில், உச்சி வேளைக்கு நிழல், எப்போதும் ஈரம். தை, மாசியில் பூத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஊட்டி மாதிரி கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சித்திரையில் இலை மஞ்சளானால் செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, கிழங்கை நிழலில் ஓய்வெடுக்க விடுங்கள். தழை கழிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னொன்று. ஈரம் வேண்டுமே என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குகிறார்கள். டெங்கு கொசுவுக்கு அதுவே பிரசவ ஆஸ்பத்திரி! தட்டைத் தினமும் கவிழ்த்துவிடுங்கள்.

கோவில் இட்லியை மந்தாரை இலையில் வேகவைக்கும் ஊர் இது. எந்த இலை எதற்கு ஆகும் என்று தெரிந்து வைத்திருந்த நாம், விலை கொடுத்து வாங்கும் செடிக்குக் குணம் கேட்காமல் விடுவது நியாயமா? மாத்திரை அட்டையில் எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். நர்சரிக்காரர்களும் தொட்டியில் 'வாயில் வைக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் ஒட்டும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே நீங்கள் எழுதி ஒட்டுங்கள். தவழும் குழந்தை உள்ள வீடா? இரண்டு மூன்று வருஷம் பொறுத்து வளர்த்துக்கொள்ளலாம். செடி எங்கேயும் ஓடிவிடாது.