கையேந்தி பவனுக்கு ஒரு குழாய்!

போன மாதம் என் ரூம்மேட்டுக்கு வயிறு கெட்டுவிட்டது. லேசாக இல்லை, இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றுகிற அளவுக்கு. பார்க்க வந்த எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "ரோட்டுக்கடையில தின்னியா?" அவன் பாவம், ஆமாம் என்று தலையாட்டினான். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஊரிலிருந்து வந்த அவன் அப்பா, "காசு பத்தலன்னா கேளுடா, இனிமே தள்ளுவண்டியில நின்னு தின்னாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் மண்டைக்குள் ஒரே குடைச்சல். அன்றைக்கு அவன் சாப்பிட்டதை எல்லாம் வரிசையாக யோசித்துப் பார்த்தேன். காலையில் மெஸ் பொங்கல். மதியம் ஒருத்தனுடைய பிறந்தநாள் ட்ரீட், ஏசி ஓட்டலில் ஃப்ரைட் ரைஸும் சிக்கனும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ். ராத்திரி அக்கா கடையில் நாலு இட்லி, ஒரு தோசை. ஆக நாலு இடம். இதில் எது அவனைச் சாய்த்தது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஆனால் கூண்டில் ஏறி நின்றது அக்கா கடை மட்டும்தான். காரணம் ரொம்ப சிம்பிள். மற்ற இடங்களில் சமையல்கட்டுக்குச் சுவர் இருக்கிறது. அக்கா கடைக்கு இல்லை.

இதைப் படித்துவிட்டு, "ஆஹா, கையேந்தி பவன் புராணம் ஆரம்பிச்சுட்டான்" என்று நினைக்காதீர்கள். ரோட்டுக்கடை ருசி ஸ்டார் ஓட்டலில் வராது, அது இது என்று எழுதுவதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ரோட்டுக்கடைகளில் சுத்தம் குறைவு என்பது பல இடங்களில் உண்மைதான். அக்கா கடையிலும் உண்மைதான். என் கேள்வி வேறு. அந்தச் சுத்தக்குறைவு எங்கிருந்து வருகிறது?

முதலில் கொஞ்சம் அறிவியல். (பயப்படாதீர்கள், ஒரே ஒரு பத்தி!) சூடுதான் கிருமிக்கு எமன். ஆவியில் வேகும் இட்லியும், கல்லில் சுடும் தோசையும், கண்ணெதிரே கொத்தும் பரோட்டாவும் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிரச்னை இல்லை. சமைத்த உணவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 60 டிகிரிக்கு மேலே சூடாக வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் அரிச்சுவடிப் பாடம். நடுவில் இருக்கும் வெதுவெதுப்பில்தான் கிருமிகள் குடும்பம் நடத்துகின்றன. மத்தியானம் வடித்து அப்படியே வைத்த சோற்றை ராத்திரி ஃப்ரைட் ரைஸாக வதக்கினால், சில பாக்டீரியாக்கள் விட்டுவைத்த நஞ்சு அந்தச் சூட்டிலும் சாகாது. அதை ஏசி ஓட்டலில் செய்தாலும் அப்படித்தான், தள்ளுவண்டியில் செய்தாலும் அப்படித்தான்.

அப்படியானால் ரோட்டுக்கடையில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? அடுப்பில் ஏறாததைப் பார்த்து. பச்சையாக அரைத்து மணிக்கணக்காக வைத்திருக்கும் தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த வெங்காயம், ஐஸ், குடிக்கிற தண்ணீர், தட்டைக் கழுவுகிற தண்ணீர், கையைக் கழுவுகிற தண்ணீர். பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பாதிக்கு மேல் தண்ணீர் சமாச்சாரம்.

இது எனக்குப் புத்தகத்தில் உறைக்கவில்லை, தோளில்தான் உறைத்தது. ஒருநாள் அக்காவின் பையன் பரீட்சை என்று கடைக்கு வரவில்லை. "தம்பி, ரெண்டு குடம் மட்டும் தூக்கிட்டு வரியா?" என்றார். ஹீரோ மாதிரி கிளம்பினேன். குழாய் இருப்பது மெயின் ரோட்டைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளி. ஒரு குடம் 15 லிட்டர். இரண்டாவது நடையிலேயே சட்டை முழுக்கத் தண்ணீர், மூச்சு வாங்குகிறது. அக்கா சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார். தினமும் எட்டுக் குடம். குடிக்க மூன்று, கை கழுவ இரண்டு, பாத்திரமும் தட்டும் கழுவ மூன்று. ஒரு ராத்திரிக்கு நூறு தட்டு போகுமாம்.

நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். கழுவ 45 லிட்டர், தட்டு 100. கரண்டி, சட்னிப் பாத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால்கூட ஒரு தட்டுக்கு அரை லிட்டர் தேறாது. ஹாஸ்டலில் நான் ஒரு டம்ளர் கழுவவே அதைவிட அதிகம் திறந்துவிடுகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் பத்துத் தட்டை முக்கி எடுப்பது அக்காவுக்குச் சுத்தம் தெரியாததால் இல்லை. பதினோராவது தட்டுக்கு இன்னொரு நடை போக வேண்டும், அதற்குள் கல்லில் தோசை கருகிவிடும். அதனால்தான்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குப் புரிந்தது. தட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு இட்லி வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? தட்டைக் கழுவ வேண்டாம், தாளை உருவிப் போட்டால் போதும். அதாவது இல்லாத தண்ணீருக்குப் பதிலாக பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த ஒருமுறை பிளாஸ்டிக் பொருட்களில் இந்தத் தாளும் ஒன்று. தடை சரியானதுதான், சூடான சாம்பாரை பிளாஸ்டிக்கில் ஊற்றித் தின்பது நமக்கே நல்லதில்லை. ஆனால் தாளைப் பிடுங்கியவர்கள் குழாயைக் கொடுக்கவில்லையே? வாழை இலையை வெட்டிப் போடுங்கள் என்பார்கள். அக்கா போடத்தான் செய்கிறார், முகூர்த்த நாட்களில் இலை விலை ஏறும்போது திரும்பவும் வாளிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஆச்சரியமாக, ரொம்ப நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. 2014ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பொருளை எடுத்துப் போனால் அழுகக்கூடியதை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். விற்பனை மண்டலத்தில் செய்து தரும் வசதிகளுக்கு வியாபாரி பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்றுகூட இருக்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். "கட்டுறேனே தம்பி, குழா எங்கன்னு கேளு" என்றார்.

போன வருடம் ஒரு சாயங்காலம் அவருடைய வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். நோட்டீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு அரைத்த மாவு முழுக்க வீண். திரும்ப வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எங்கள் ப்ளாக்கில் பாதிப்பேருக்கு ராத்திரிச் சாப்பாடு பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். எங்களை விடுங்கள். அந்தக் கடையில் எங்களோடு நின்று சாப்பிடுகிற லோடு அண்ணன், துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வரும் அக்காமார்கள் எல்லாம் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. 10 ரூபாய்க்கு ஒரு இட்லி என்பது அவர்களுக்கு ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எடுத்துப் போனதற்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? சுகாதாரக் கேடு!

தெருக்கடைகளைச் சுத்தமாக்க முடியாதா என்ன? சிங்கப்பூரைப் பாருங்கள். 1960களில் அங்கேயும் தெருவெல்லாம் தள்ளுவண்டிதான், கழுவிய தண்ணீர் எல்லாம் வாய்க்காலில்தான். 1968, 69ல் வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். 1971லிருந்து 1986 வரை குழாய், மின்சாரம், குப்பை அகற்றும் வசதியோடு ஹாக்கர் சென்டர்கள் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டரில் நம்ம ஊர் தோசையும் பிரியாணியும் கிடைப்பது அப்படித்தான். அந்த ஹாக்கர் பண்பாட்டை 2020ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம் போவானேன்? அகமதாபாத்தில் காங்கரியா ஏரிக்கரைக் கடைகளை 2018ல் நாட்டின் முதல் சுத்தமான தெரு உணவு மையம் என்று நம்முடைய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அறிவித்தது. மனசு வைத்தால் நடக்கிறது.

எதிர்த்தரப்பு வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. "ஓட்டல்காரன் வாடகை கட்டுறான், வரி கட்டுறான், இவங்களுக்கு மட்டும் ஓசியா?" என்று என் கிளாஸ்மேட் ஒருத்தன் சண்டைக்கு வந்தான். (அவன் வீட்டில் ஓட்டல் நடத்துகிறார்கள், அதனால் கோபம் நியாயம்தான்.) இன்னொருத்தி, "நடைபாதை நடக்கிறவங்களுக்குத்தானே? சக்கர நாற்காலியில வர்றவங்க எங்க போவாங்க?" என்றாள். இரண்டுமே சரியான கேள்வி. இதனால்தான் சொல்கிறேன், இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது என் கட்சி இல்லை. இடம் குறித்துக் கொடுங்கள், நடைபாதையில் நடக்க வழி விடச் சொல்லுங்கள், கட்டணம் வாங்குங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள். சின்னக் கடைகள் வருடத்துக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2011 விதிகளிலேயே வழி செய்தார்கள். இவ்வளவும் செய்த பிறகு, இருபது கடைக்கு இரண்டு குழாய், ஒரு சாக்கடை வாய், ஒரு குப்பைத் தொட்டி கொடுங்கள். அதற்கப்புறமும் ஒரு கடை அழுக்காக இருந்தால் தாராளமாக அபராதம் போடுங்கள், நானே சாட்சி சொல்கிறேன்.

தண்ணீரைக் கொடுக்காமல் சுத்தத்தைக் கேட்பது, பேனாவைப் பிடுங்கிவிட்டுப் பரீட்சை எழுதச் சொல்வது மாதிரி.

சரி, சாப்பிடுகிற நமக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நான் பழகிக்கொண்டது இவ்வளவுதான்:

1. கூட்டம் இருக்கிற கடையில் சாப்பிடுவது. அங்கே எதுவும் ரொம்ப நேரம் ஆறிக் கிடக்காது.

2. அடுப்பிலிருந்து நேராக வருவதை வாங்குவது. சட்னி புளித்திருந்தால், "அக்கா, பொடி குடுங்க" என்று கேட்க வெட்கப்படாமல் இருப்பது.

3. குடிக்கத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுபோவது. கடைக்கும் ஒரு குடம் மிச்சம்.

4. வாங்கிப் போவதானால் டப்பா கொண்டுபோவது. நியூஸ்பேப்பரில் பஜ்ஜியைப் பிழிந்து அச்சு மையைத் தின்ன வேண்டாம்.

5. ஓட்டலுக்குப் போனாலும் இதே கண்ணோடு பார்ப்பது. சமையல்கட்டு தெரியாவிட்டால் கை கழுவும் இடத்தையாவது பார்க்கலாம். ஏசியும் மெனு கார்டும் கிருமியைக் கொல்லாது :-)

இதில் ஐந்தாவதுதான் முக்கியம். அக்கா கடையில் நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். மாவு, எண்ணெய், கை, வாளி. பிடிக்காவிட்டால் திரும்பி நடக்கலாம். சுவருக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாத இடத்தில்தான் நாம் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். இது சுத்தம் பற்றிய கவலைதானா, இல்லை ஏழையின் கையிலிருந்து வாங்கித் தின்பது பற்றிய கூச்சமா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. நானும் கேட்டுக்கொண்டேன். பதில் அவ்வளவு பெருமையாக இல்லை.

எங்கள் ப்ளாக்கில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தெருவுக்கு ஒரு குழாய் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. அடுத்த வாரம் திரும்பப் போகப் போகிறோம்.

ரூம்மேட் தேறிவிட்டான். நேற்று ராத்திரி என்னோடு கடைக்கு வந்து, தயங்கித் தயங்கி, "தோசை மட்டும், சட்னி வேணாம்" என்றான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். விஷயம் அவர் காதுக்கு முன்பே போயிருக்கும் போல. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தட்டை எடுத்து, குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அவன் கண் முன்னாலேயே கழுவித் தோசையை வைத்தார்.

அந்த ஒரு சொம்புக்கும் அவர் ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.