ஆலமரமும் ஒரு பாசியும்

ஆலமரத்தையும் பாசியையும் ஒப்பிடுவதா, யானைக்கும் எறும்புக்கும் போட்டியா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. உயரத்தை வைத்துப் பெருமையை அளக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறதே, பிரச்சினையே அதுதான்.

முதலில் ஆலமரம். நம் தேசிய மரம். ஹவுரா தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் பூஞ்சை தாக்கி அழுகியதால் 1925ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் சாகவில்லை! விழுதுகள் தாங்க, இன்று ஒன்றரை ஹெக்டேருக்கு மேல் பரவி நிற்கிறது.

அடுத்து பாசி. குளத்துப் பாசி இல்லை. மழைக்காலத்தில் மதில் சுவரில் வெல்வெட் மாதிரி படருமே, அந்த வகை. குளிர்நாட்டுச் சதுப்புகளில் வளரும் ஸ்பேக்னம் பாப்பிலோசம் அதில் ஒன்று. வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. ஆனால் தன் உலர்ந்த எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நுனி வளர வளர, அடி செத்துக்கொண்டே போகும். அடி போனாலும் வாழ்வதில் இது ஆலமரத்துக்குச் சளைத்ததில்லை! செத்த பகுதி காற்றுப் புகாத அமில நீரில் மட்காமல் சேர்ந்து 'பீட்' ஆகிறது. ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் அத்தனையிலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அவற்றில் இருக்கிறது.

இதை மதிக்காததால் என்ன ஆனது? 1980களில் ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரி சதுப்பில், வரிச்சலுகைக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, ஊசியிலை மரங்களை நட்டார்கள். பீட் காய்ந்தால் சேர்ந்த கார்பன் வெளியேறிவிடும். 1988ல் சலுகை நின்றது. பிறகு அதே மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, பாசியைத் திரும்ப வரவழைக்கும் வேலை தொடங்கியது. 2024ல் அந்தச் சதுப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நம் நீலகிரியிலும் மலைப் புல்வெளிகளை 'சும்மா கிடக்கும் நிலம்' என்று நினைத்துத்தான் சீகை மரங்களையும் யூக்கலிப்டஸையும் நட்டார்கள்.

நான் மரத்துக்கு எதிரி இல்லை. ஆலம்பழம் தேடி வரும் பறவைகளுக்குப் பாசி சோறு போடாது. வெயிலில் வருபவருக்கு நிழலும் தராது. ஆனால் எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு, அங்கே எதை அழித்தோம் என்பதைச் சொல்வதே இல்லை. அதனால் அடுத்த மரம் நடும் விழாவில், குழி தோண்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தில் இதுவரை என்ன வளர்ந்துகொண்டிருந்தது?