தோல்வியில் துலங்கும் அன்பு

நுழையும்முன்

களத்தில் ஆடுபவர் சில ஆண்டுகளில் ஓய்வுபெறுவர். ரசிகரோ வாழ்நாள் முழுவதும் தம் அணியைவிட்டு விலகார். அவர் நெஞ்சில் ஆழப் பதிபவை வென்ற ஆட்டங்களா, தோற்ற ஆட்டங்களா?

இரு நாடுகள், ஒரு நெஞ்சம்

சுண்ணாம்பாற்றங்கரையில் நோணாங்குப்பம் அமைந்துள்ள புதுச்சேரிப் பகுதியில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. இந்தியாவும் பிரான்சும் மோதினால் யாருக்குக் கைதட்டுவது? இவ்வினா இங்கு வெறும் கற்பனையன்று.

1948 இலண்டன் ஒலிம்பிக்கில் அவ்விரு அணிகளும் மோதின. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றி ஆடினர். சாரங்கபாணி இராமன் ஒரு கோல் அடித்தார். ஆயினும், கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. இந்தியா 1-2 எனத் தோற்றது. அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது.

1960 உரோம் ஒலிம்பிக்கில் மீண்டும் மோதியபோது, பி.கே. பானர்ஜி கோல் அடிக்க, ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. புதுச்சேரியின் நிருவாகம் 1954இலேயே இந்தியாவிடம் வந்துவிட்டது; சட்டப்படியான இணைப்போ 1962இல்தான் நிறைவேறியது. இரு நாடுகளுக்கும் இடைப்பட்டு நின்ற ஊருக்கு அச்சமநிலை பொருத்தமாகவே அமைந்தது.

வெற்றியின் ஒளி

1998 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சு, பிரேசிலை 3-0 என வென்றது. அல்சீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஜினெடின் ஜிடேன் தலையால் முட்டி இரண்டு கோல்கள் அடித்தார். குவாடலூப்பில் பிறந்த லிலியன் துராம், நியூ கலிடோனியாவில் பிறந்த கிறிஸ்தியன் கரம்பே ஆகியோரும் அவ்வணியில் ஆடினர். கடல் கடந்த மண்ணின் மக்களும் சேர்ந்து பெற்ற வெற்றியைப் புதுச்சேரி ரசிகர் தம் வெற்றியாகக் கருதியதில் வியப்பில்லை.

தோல்வியின் பாடம்

வெற்றி மகிழ்விக்கும், தோல்வியே ரசிகரை அளந்து காட்டும். 2006 இறுதி ஆட்டத்தில் அதே ஜிடேன், இத்தாலியின் மட்டராசியை மார்பில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பிரான்சு பெனால்டி உதைகளில் தோற்றது. வசைமொழி தூண்டியது என்று காரணம் கூறலாம். காரணம் வேறு, நியாயம் வேறு. அன்புக்குரியவர் செய்த பிழையையும் பிழை என்று ஒப்புக்கொள்பவரே நேர்மையான ரசிகர்.

2022 இறுதி ஆட்டத்தில் கிலியன் எம்பாப்பே மூன்று கோல்கள் அடித்தும் கோப்பை அர்சென்டினாவுக்கே சென்றது. முழு முயற்சியும் சிலவேளை பரிசின்றி முடியும். அதனை ஏற்றுக்கொண்டு எதிரணியின் திறமையையும் பாராட்டுவதே ரசிகரின் பண்பாடு.

பிறர் ஆடுவதைக் காண்பது வீண்பொழுது என்பர் சிலர். காலணியின்றித் தோற்றவர்களை முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் பெருமையுடன் நினைக்கச் செய்வது எது? வென்றபின் கூடும் கூட்டம் அன்று. தோற்றபின்னும் நினைவில் வைத்திருக்கும் ரசிகர்களின் அன்பே. வெற்றியைப் பதிவேடுகள் காக்கும். தோல்வியிலும் வெளிப்பட்ட மாண்பை மனிதர்களே காக்க வேண்டும்.