ஆளுக்கு ரெண்டு ஓட்டு

2012இல் சிஎன்என்-ஐபிஎன், ஹிஸ்டரி டிவி18, அவுட்லுக் மூன்றும் சேர்ந்து, காந்திக்குப் பிறகு மாபெரும் இந்தியர் யார் என்று வாக்கெடுப்பு நடத்தின. இணையத்தில் போடலாம், மிஸ்டுகால் கொடுக்கலாம். ஏறக்குறைய 20 லட்சம் வாக்குகளோடு பாபாசாகேப் அம்பேத்கர் முதலிடம். நேருவுக்குப் பத்தாயிரம்கூடத் தேறவில்லை. நம் தோழர்கள் இந்தக் கணக்கை இன்றும் மேடையில் சொல்கிறார்கள், கைதட்டல் விழுகிறது.

"ஒங்க பயலுவ ஆளுக்குப் பத்து தடவ அமுக்கியிருப்பானுவ" என்று ஆத்தூர் டீக்கடையில் ஒருத்தர் நக்கலடிக்கிறார். அமுக்கியிருக்கலாம். நாலு சிம் வைத்திருப்பவன் நாலு ஆள்; விரலில் மை வைக்காத ஓட்டு அது. நடத்தியவர்களே அதை மட்டும் நம்பாமல் நடுவர் குழு, நீல்சன் கள ஆய்வு என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். நாம் ஏன் தோழர்களே அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

ஆனால் நக்கலடித்தவரிடம் ஒரு கேள்வி. எங்களுக்குச் சட்டப்படியே ரெண்டு ஓட்டு கிடைத்த கதை தெரியுமா வே? 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத்தொகுதியில் இன்னொன்று என இரட்டை வாக்குரிமை தந்தது. செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24இல் பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆகக் கூடின, இரட்டை ஓட்டு போயிற்று.

நம் மாவட்டத்து ஓட்டப்பிடாரம் தனித்தொகுதியில் நிற்பது நம் ஆள்தான். ஜெயிக்க வைப்பது யார் ஓட்டு? அந்த 2012 போட்டியில் காந்தியை நிறுத்தாமலே விட்டார்கள். மேடையில் 20 லட்சத்தைச் சொல்லும் தோழர், இந்த ரெண்டாவது ஓட்டையும் சேர்த்துச் சொல்லட்டும்.