கணக்கைக் காட்டாத நிறுவனங்களும் கேட்காத அரசும்

ஜெர்மனியில் டைஹாட்சு கார்களை விற்றுவந்த டீலர்களின் சங்கம் 1990-களில் நீதிமன்றப் படியேறியது. தங்களுக்குக் கார் வழங்கும் டைஹாட்சு டாய்ச்லாந்து நிறுவனம் ஆண்டுக் கணக்கை வெளியிடுவதில்லை, அபராதம் விதித்தாவது அதை வெளியிட வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. கணக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. நிறுவனம் வெளியிடவில்லை என்பதும் தெளிவாக இருந்தது. ஆனாலும் கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. அபராதம் கோரும் உரிமை பங்குதாரர், கடன் கொடுத்தவர், பணியாளர் மன்றம் ஆகிய மூவருக்கு மட்டுமே இருந்தது. டீலர் சங்கம் இந்த மூன்றிலும் சேராது.

இது சட்டத்தில் தற்செயலாக விழுந்த ஓட்டை அல்ல. அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1968-இல் தன் முதல் நிறுவனச் சட்ட நெறியாணையைக் கொண்டுவந்தது. நெறியாணை என்பது நேரடிச் சட்டமல்ல. எட்ட வேண்டிய இலக்கை அது சொல்லும். உறுப்பு நாடு ஒவ்வொன்றும் குறித்த காலத்துக்குள் தன் நாடாளுமன்றத்தில் அதைச் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டு நிறுவனத்தோடு இன்னொரு நாட்டு வணிகர் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் நிதிநிலை வெளியில் தெரிய வேண்டும் என்றது அந்த நெறியாணை. இருப்புநிலைக் குறிப்பை வெளியிடாதவர்களுக்கு ‘உரிய தண்டனை’ வேண்டும் என்றும் ஆறாம் பிரிவில் சொன்னது. கணக்கை எப்படி எழுதுவது என்ற விதிகள் 1978-இல் நான்காம் நெறியாணையாக வந்தன.

ஜெர்மனி இவற்றை 1985 டிசம்பரில்தான் சட்டமாக்கியது. நம் ஊர் பிரைவேட் லிமிடெட்டுக்கு இணையான ஜி.எம்.பி.எச். நிறுவனங்களும் கணக்கை வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதுவரை மிகப் பெரியவற்றைத் தவிர மற்றவை இந்தக் கடமையே அறியாதவை. பெரும்பாலும் குடும்பச் சொத்து. லாபம் எவ்வளவு என்பதை வீட்டு ரகசியமாகவே காத்துவந்தவர்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள அரசு விரும்பவில்லை. எனவே கடமையை எழுதியது, மீறினால் அபராதம் என்றும் எழுதியது, அந்த அபராதத்தைக் கோரும் உரிமையை மட்டும் மூவர் கையில் கொடுத்து நிறுத்திக்கொண்டது. பங்குதாரருக்குக் கணக்கு ஏற்கெனவே தெரியும். பெரிய கடன் கொடுத்த வங்கி தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பணியாளர் மன்றம் தன் முதலாளிக்கு அபராதம் போடச் சொல்லி மனுக் கொடுப்பது அரிது. கேட்கத் தேவையுள்ள சரக்கு வழங்குபவர், டீலர், ஒப்பந்தம் போடலாமா என்று யோசிக்கும் புதியவர் ஆகியோர் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். விளைவாக, ஜெர்மன் நிறுவனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கணக்கை வெளியிடவே இல்லை என்று 1990-களின் வழக்கில் ஐரோப்பிய ஆணையம் சுட்டிக்காட்டியது.

டீலர்களின் வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 1997 டிசம்பர் 4 அன்று வந்த தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. கணக்கு வெளியீடு மூன்றாம் தரப்பினர் அனைவரையும் காப்பதற்கானது, மூவருக்கு மட்டும் உரிமை தரும் ஜெர்மன் சட்டம் நெறியாணைக்கு முரண் என்றது முதல் பகுதி. நெறியாணை அரசைத்தான் கட்டுப்படுத்தும், ஒரு தனியார் அதை வைத்து இன்னொரு தனியாரை நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது என்றது இரண்டாம் பகுதி. டீலர்கள் சொன்னது சரி என்று ஜெர்மன் சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அவர்கள் கேட்ட கணக்கு மட்டும் கைக்கு வரவில்லை. அரசு செய்யத் தவறியதன் பலனை, கணக்கைக் காட்டாத நிறுவனம் அனுபவித்தது.

இதை ஸ்பெயினோடு ஒப்பிட்டால் சிக்கலின் ஆழம் புரியும். 1986-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த ஸ்பெயின் முதல் நெறியாணையை உரிய காலத்தில் சட்டமாக்கவே இல்லை. ஒரு நிறுவனம் கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே தொடங்கப்பட்டது, பழைய சிவில் சட்டப்படி அதைச் செல்லாததாக்க வேண்டும் என்று மார்லீசிங் என்ற நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. நிறுவனத்தை ரத்துசெய்யும் காரணங்களை நெறியாணை வரையறுத்துவிட்டது. மார்லீசிங் சொன்ன காரணம் அதில் இல்லை. இயன்றவரை நெறியாணைக்கு ஏற்பவே உள்நாட்டுச் சட்டத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று 1990-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. ஸ்பெயினில் புதிய சட்டம் இல்லாததால் பழைய சட்டத்துக்குப் புதுப் பொருள் தர நீதிபதிக்கு இடம் இருந்தது. ஜெர்மனியிலோ மூவர் மட்டுமே என்று பட்டியல் போட்டு எழுதிவிட்டார்கள். எந்தப் பொருள்கோளாலும் அதை நீட்ட முடியாது. சட்டமே இயற்றாத நாட்டைவிட, பாதி இயற்றிய நாட்டில் பாதிக்கப்பட்டவருக்கு வழி குறைவு. இழப்பீடு கேட்டு அரசின் மீது வழக்குப் போடலாம் என்று 1991-இல் இத்தாலியின் பிரான்கோவிச் வழக்கில் தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் வெளிவராத கணக்கால் தனக்கு இத்தனை பணம் நஷ்டம் என்று ஒரு டீலர் எப்படி நிரூபிப்பார்? எதில் நஷ்டம் என்று காட்ட அவருக்கு அந்தக் கணக்குதானே தேவை!

ஆணையம் தனியாகத் தொடுத்த வழக்கில் 1998 செப்டம்பரில் ஜெர்மனி தோற்றது. அடுத்த ஆண்டு இன்னொரு தோல்வி. கூட்டாண்மை என்று பெயர், ஆனால் முழுப் பொறுப்பேற்கும் பங்காளியின் இடத்தில் ஒரு ஜி.எம்.பி.எச். நிறுவனம், இந்த அமைப்பு ஜெர்மனியில் ஏராளம். இவையும் கணக்கைக் காட்ட வேண்டும் என்று 1990-இல் வந்த நெறியாணையை ஜெர்மனி கெடு முடிந்து ஆண்டுகள் ஓடியும் சட்டமாக்கவில்லை. இரண்டு தீர்ப்புகளுக்கும் சேர்த்து 2000 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. இனி யார் வேண்டுமானாலும் அபராதம் கோரலாம் என்றார்கள். காகிதத்தில் குறை தீர்ந்தது. நடைமுறையில் வெளியீடு பெரிதாக உயரவில்லை. தன் பெயரில் மனுக் கொடுத்து, தன் வணிகம் நம்பியிருக்கும் பெரிய நிறுவனத்தைப் பகைத்துக்கொள்ள எந்தச் சிறு வணிகர் முன்வருவார்?

திருப்பம் 2007 ஜனவரியில்தான் வந்தது. பான் நகரில் அமைந்த ஜெர்மன் கூட்டாட்சி நீதி அலுவலகம் யாருடைய மனுவுக்கும் காத்திராமல் கணக்கு வராத நிறுவனங்களைத் தானே கண்டறிந்து, 2,500 முதல் 25,000 யூரோ வரை அபராதம் விதிக்கத் தொடங்கியது. கணக்குகள் மின்னணுப் பதிவேட்டில் வந்து குவிந்தன. கடமை 1985-இல் எழுதப்பட்டதே. அதன் தன்மையில் எதுவும் மாறவில்லை. நடவடிக்கையைத் தொடங்குவது யார் என்ற ஒரே கேள்விக்கான பதில்தான் மாறியது. அதற்கு இருபத்தோரு ஆண்டுகள் ஆகின.

குடும்ப நிறுவனங்களின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. உதிரிபாகம் செய்யும் சிறு ஆலையின் லாப விகிதம் பதிவேட்டில் தெரிந்தால், அதை வாங்கும் கார் நிறுவனம் அடுத்த முறை விலையைக் குறைத்துக் கேட்கும். இந்த அச்சம் உண்மையானது. ஆனால் அதற்கு நெறியாணையிலேயே இடம் உண்டு. சிறு நிறுவனங்கள் லாப நட்டக் கணக்கை வெளியிட வேண்டியதில்லை, சுருக்கமான இருப்புநிலைக் குறிப்பு போதும். அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு மீதிக் கடமையையும் கைவிட்டதுதான் தவறு. போட்ட முதலுக்கு மேல் கடன் என்னைத் தொடாது என்ற பாதுகாப்பைச் சட்டத்திடமிருந்து பெற்ற ஒருவரிடம், அவரோடு வணிகம் செய்பவர் நிதிநிலையைக் கேட்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நெறியாணை என்ற முறையையே விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீருமா? ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் சேர்ந்த ஒஹாடா அமைப்பு அதைத்தான் செய்தது. அதன் நிறுவனச் சட்டம் 1997-இல் நிறைவேறியது. உறுப்பு நாடுகளில் நேரடியாகவே செல்லும், நாடாளுமன்றங்கள் மறுபடி இயற்ற வேண்டியதில்லை. ஆனால் குற்றம் எது என்பதைத்தான் பொதுச் சட்டம் சொல்லும், தண்டனையை அந்தந்த நாடு முடிவுசெய்யும் என்கிறது ஒஹாடா ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு. செனகல் 1998-இல் தண்டனைச் சட்டம் இயற்றியது, கேமரூனுக்கு 2003 வரை ஆனது. தண்டனைச் சட்டம் வராத நாட்டில் குற்றம் உண்டு, தண்டனை இல்லை. அங்கும் சங்கிலி அறுந்தது அதே கண்ணியில்தான்.

ஐரோப்பாவில் இன்று நிலைமை தேறிவிட்டதாகவும் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல், சமூகத் தாக்கம் பற்றிப் பெரிய நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு நெறியாணையைச் சட்டமாக்க 2024 ஜூலை கெடு. பிரான்ஸ் 2023 டிசம்பரிலேயே முடித்துவிட்டது. ஜெர்மனி உட்படப் பதினேழு நாடுகள் முழுமையாக முடிக்கவில்லை என்று ஆணையம் 2024 செப்டம்பரில் நோட்டீஸ் அனுப்பியது. மறு ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியமே, இன்னும் அறிக்கை தரத் தொடங்காத நிறுவனங்களுக்கான கெடுவை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தது. நேரத்தில் செய்த நாட்டின் நிறுவனங்கள் செலவு செய்து தயாரானதுதான் மிச்சம். காத்திருந்த நாடுகளுக்கு இழப்பில்லை. அடுத்த முறை எந்த நாடு அவசரப்படும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்துக்குப் பிறகு, நெறியாணையைச் சட்டமாக்கியதாக அறிவிக்கத் தவறும் நாட்டுக்கு முதல் வழக்கிலேயே அபராதம் விதிக்க முடியும். நல்ல மாற்றம்தான். ஆனால் அது அறிவிக்காதவர்களுக்கானது. 1985-இல் ஜெர்மனி செய்தது போல அறிவித்துவிட்டு வலுவை எடுத்துவிடும் நாட்டை எட்ட அது போதாது. நிறுவனப் பதிவேடுகளை மின்னணு முறையில் இணைக்கும் புதிய நெறியாணையை 2027 ஜூலை 31-க்குள் உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டும். அப்போது நாடுகள் அனுப்பும் பட்டியலில் எந்தப் பிரிவு எந்தச் சட்டத்தில் சேர்ந்தது என்று மட்டும் ஆணையம் சரிபார்த்தால் போதாது. மீறுபவர் மீது நடவடிக்கையை எந்த அலுவலகம் தொடங்கும், புகார் இல்லாமலே தொடங்குமா, ஆண்டுக்கு எத்தனை நிறுவனங்கள் மீது தொடங்கியது என்ற மூன்றையும் ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று இப்போதே நிபந்தனை வைக்க வேண்டும்.