வண்ணம் தீட்டுமுன் வாசித்துப் பார்!



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டார். "நட்பின் பெருமை, இளைஞர் சக்தி இதையெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் மைக்ரோகண்ட்ரோலர் லேப்ல பட்ட பாட்டை எழுதட்டுமா?" என்றேன். "எழுதுப்பா, ஆனா மெக்கானிக்கல்காரனுக்கும் புரியணும்" என்றார். முயன்றிருக்கிறேன். புரியாவிட்டால் குற்றம் என்னுடையதே.

நம் ஆய்வகத்தில் 8051-க்கு அசெம்பிளி புரோகிராம் அடிக்கிறோம். 1980-ல் இன்டெல் வெளியிட்ட சிப் அது. அதன் வாரிசுகளான 89சி51, 89சி52 ஆகியவை நம் போர்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. சாதாரண நோட்பேடில் அடித்தால் எல்லாமே கறுப்பு. கட்டளையும் கறுப்பு, எண்ணும் கறுப்பு, குறிப்புரையும் கறுப்பு. அதனால்தான் பலரும் நோட்பேட் பிளஸ் பிளஸ், விம் போன்ற எடிட்டர்களுக்கு மாறிவிட்டோம். கட்டளை ஒரு நிறம், ரிஜிஸ்டர் ஒரு நிறம் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? எடிட்டருக்கு 8051 என்றால் என்னவென்றே தெரியாது. 'இந்தச் சொல் வந்தால் இந்த நிறம் போடு' என்று யாரோ ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவைதான் கீவேர்டுகள். அந்தப் பட்டியலை அடுத்தவரிடம் இரவல் வாங்காமல், மேனுவலைத் திறந்து வைத்து நாமே எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஏன் என்கிறீர்களா? கேளுங்கள்.

நான் செய்த தவறு

போன ஆண்டு ஒரு சீனியரின் பென்டிரைவிலிருந்து ரெடிமேடாக ஒரு வண்ணப் பட்டியலை எடுத்தேன். என் புரோகிராம் ஜொலித்தது. பக்கத்து இருக்கை நண்பன், "மச்சி, எனக்கும் கொடுடா" என்றான். கொடுத்தேன். கூடவே ரிஜிஸ்டர் பெயர்களை அசெம்பிளருக்குச் சொல்லும் ஃபைலையும் கொடுத்தேன். இரண்டுமே 89சி52-க்காக எழுதப்பட்டவை. அதை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

அவன் போர்டில் இருந்தது 89சி51. அதில் டைமர் இரண்டே இரண்டுதான்: டைமர் 0, டைமர் 1. 52-ல் மட்டும் கூடுதலாக டைமர் 2 உண்டு. அதை ஆளும் ரிஜிஸ்டருக்கு டி2கான் என்று பெயர். நண்பன் தன் மினி புராஜெக்டில் டி2கான் என்று அடித்தான். எடிட்டர் அழகாக நீல நிறம் காட்டியது. அசெம்பிளர் ஒரு எர்ரர்கூடச் சொல்லவில்லை. சிப்பில் ஏற்றினால் வேலை செய்யவில்லை! இல்லாத ரிஜிஸ்டரில் எழுதினால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது.

மூன்று இரவு தூங்கவில்லை அவன். கிறிஸ்டலை மாற்றினான். சால்டரிங்கைக் கழற்றி மறுபடி வைத்தான். சிப் போய்விட்டதென்று கைக்காசு போட்டுப் புதிதாக வாங்கினான். ரிவ்யூ அன்று சார் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இந்தச் சிப்ல மூணாவது டைமர் ஏது?" அவன் தலைகுனிந்தான். "ப்ளூவா வந்துச்சே சார்" என்று மட்டும் சொன்னான். மதிப்பெண் போனது. அந்த நீலத்தைக் கொடுத்தவன் நான். அவன் இதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மேனுவலிலிருந்து எடுப்பது எப்படி?

அதன்பிறகு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பட்டியலை நானே எடுத்தேன். 8051-ன் இன்ஸ்ட்ரக்ஷன் செட் மேனுவல் பி.டி.எஃப்.பாகக் கிடைக்கிறது. முழுவதையும் காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கொட்டினேன். பெரிய எழுத்துச் சொற்களையெல்லாம் பொறுக்கினால் போதும் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்ததில் சி.பி.யூ., ராம், ஏ.எல்.யூ. எல்லாம் வலையில் விழுந்தன. எடுத்துக்காட்டில் வரும் சப்ரூட்டீன் லேபிள்கூடக் கட்டளை வேடம் போட்டு வந்தது. சுருக்க அட்டவணையைக் காப்பி செய்தாலோ பத்திகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பார் ஆகிவிட்டது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். விளக்கப் பக்கங்களில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அமைப்பு: தலைப்பில் கட்டளை, அடுத்த வரியில் 'ஃபங்ஷன்' என்ற சொல், அப்புறம் விளக்கம், எடுத்துக்காட்டு, எத்தனை பைட், எத்தனை சைக்கிள். ஆகவே 'ஃபங்ஷன்' என்ற வரியைத் தேடி, அதற்கு முந்திய வரியின் முதல் சொல்லை மட்டும் எடுத்தேன். எம்.ஓ.வி. பலமுறை வந்தது. அகர வரிசைப்படுத்தி, இரட்டிப்பை நீக்கினேன். மிச்சம் 44 சொற்கள். இந்த 44 சொற்களை வைத்துக்கொண்டுதான் 8051-ன் 111 கட்டளைகளும் நடக்கின்றன!

இத்துடன் முடியவில்லை. 8051-ன் ஸ்பெஷல் ஃபங்ஷன் ரிஜிஸ்டர்கள் 21. அவை வேறு அத்தியாயத்தில் இருக்கின்றன. ஓ.ஆர்.ஜி., இ.க்யூ.யூ., டி.பி., எண்ட் போன்றவை சிப்பின் மேனுவலில் கட்டளையாக இருக்காது. ஏனென்றால் அவை சிப்புக்குச் சொல்பவை அல்ல, அசெம்பிளருக்குச் சொல்பவை. அவற்றை அசெம்பிளரின் மேனுவலில்தான் தேட வேண்டும். இரண்டு ஆண்டுகளாகப் படித்தும் இந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் மண்டையில் ஏறியது. மூன்று கூட்டத்துக்கும் மூன்று நிறம் கொடுத்தேன்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் 'யூசர் டிஃபைன்டு லாங்வேஜ்' என்ற இடத்தில் கீவேர்டுகளுக்கு எட்டுப் பெட்டிகள் உண்டு. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு பெட்டியில் ஒட்டினால் போதும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் வேண்டாம் என்று டிக் செய்யுங்கள். 'பிரிஃபிக்ஸ் மோடு' டிக் வேண்டாம். போட்டால் ஆர்.எல். என்று தொடங்கும் உங்கள் சொந்த லேபிள்களும் கட்டளைபோல் மின்னும்.

பலன் என்ன? எம்.ஓ.வி.யில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் விழுந்தால் நிறம் வராது, உடனே தெரியும். இன்னொரு பலன் நான் எதிர்பாராதது. பட்டியல் எடுக்கும்போது ஜே.பி.சி. என்ற கட்டளையைப் பார்த்தேன். பிட் 1 ஆக இருந்தால் தாவு, தாவும்போதே அதை 0 ஆக்கு என்கிறது அது. அதுவரை அதை நான் இரண்டு வரியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கலர் எதுக்குப்பா?"

லேப் அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பரீட்சைப் பேப்பர்ல கலரா வரப்போகுது? கலரை நம்பினவன் பேனாவைப் பிடிச்சா தடுமாறுவான் தம்பி." அவர் சொல்வதில் பாதி உண்மை. நிறம் எழுத்துப்பிழையைக் காட்டும், கருத்துப்பிழையைக் காட்டாது. '#55எச்' என்றால் 55 என்ற எண். அந்த '#' விட்டுப்போனால் 55 என்ற முகவரியில் உள்ளது. இரண்டிலும் எம்.ஓ.வி. அதே நீலம்தான். (அதனால் '#' குறிக்கே தனியாக ஒரு நிறம் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுங்கள்.)

ஆனால் மற்றப் பாதியை நான் ஏற்கமாட்டேன். இரவல் நிறம் நம்மைச் சோம்பேறியாக்கும். சொந்தமாக எடுத்த நிறம் மேனுவலைப் படிக்க வைக்கும். அந்த 44 சொற்களையும் கையால் சரிபார்த்தவன் பேனாவைப் பிடித்தாலும் தடுமாறமாட்டான்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

ஆய்வகக் கம்ப்யூட்டர்களில் சிப்புக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைப்போம். 51-க்கு ஒன்று, 52-க்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதல் வரியிலும் எந்தச் சிப்புக்கு, எந்த மேனுவலிலிருந்து, யார் சரிபார்த்தது என்று எழுதியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மேனுவலோடு ஒப்பிட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்கட்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத தோழர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகக் கட்டளைகளைத் தடித்த எழுத்திலும் வைப்போம். இதற்குப் பைசா செலவில்லை.

நான் இந்த ஆண்டு விடைபெறுகிறேன். 51-க்கான பட்டியலை மூன்றாவது வரிசை மெஷினில் போட்டிருக்கிறேன். முதல் வரியில் என் பெயருக்குக் கீழே சரிபார்த்தவர் என்று என் நண்பன் பெயர் இருக்கிறது. தம்பிகளே, தங்கைகளே, அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மேனுவலைத் திறந்து பாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை