பாலர் பாடசாலை ஆசிரியைக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலவசப் பாடநூல் 1980இல் வந்தது. இலவசச் சீருடை 1993இல் வந்தது. இவற்றைப் பரீட்சையில் எழுதி நாம் எல்லோரும் புள்ளி பெற்றிருக்கிறோம். ஆனால் இம்மூன்றும் தரம் ஒன்றின் வாசலிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. மூன்று வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளை போகின்ற பாலர் பாடசாலை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. அங்கே பெரும்பாலும் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும். அந்தக் கட்டணத்திலிருந்துதான் அங்குள்ள ஆசிரியைக்கும் மாத முடிவில் ஏதோ கிடைக்கிறது.

எமது கிழக்குக் கரையோர ஊர்களில் பாலர் பாடசாலைகளை நடத்துவது யார் என்று பார்த்தால், பள்ளிவாசல் நிர்வாகங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், சில சமூக சேவை அமைப்புகள், இடையிடையே தனிநபர்கள். 1958இல் ஆரம்பமான சர்வோதய இயக்கம் கிராமம் கிராமமாகப் பாலர் பாடசாலை அமைத்துக் கொடுத்தது. 1944இல் மரியா மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அதன் பிறகு எமது மக்கள் எந்தப் பாலர் பாடசாலையையும் 'மொண்டிசோரி' என்றே அழைக்கப் பழகிவிட்டார்கள். (அவருடைய பெயர் வந்த அளவுக்கு அவருடைய முறை வந்ததா என்பது வேறு கதை.) ஆக, எமது ஊர்களின் ஆரம்பப் பிள்ளைப்பருவக் கல்வியை இத்தனை காலமும் தாங்கி வந்திருப்பது ஊர்மக்களின் தன்னார்வம்தான். நன்மை நாடிச் செய்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் நன்மை நாடி நடத்துகின்ற நிர்வாகத்துக்கும், அதில் நாளாந்தம் நின்று உழைக்கின்ற ஆசிரியைக்கும் வித்தியாசம் உண்டு. நிர்வாகத்தினருக்கு வேறு தொழில் இருக்கிறது. ஆசிரியைக்கு இதுதான் தொழில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாலர் பாடசாலையில் 25 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் 1,000 ரூபா. மீன்பிடியும் கூலி வேலையும் செய்கின்ற ஊரில் எட்டுப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து காசு வராது. அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவும் மனம் வராது. மிஞ்சுவது 17,000. மின்சாரம், தண்ணீர், வர்ணக் கடதாசி, துப்புரவு என்று 4,000 போனால் 13,000 மிஞ்சும். இரண்டு ஆசிரியைகள். ஆளுக்கு 6,500 ரூபா. இந்நாட்டில் சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அரசும் மாகாணமும் பதிவு செய்த ஆசிரியைகளுக்குச் சிறு கொடுப்பனவு வழங்குவதுண்டு. அதைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "சம்பளம் எண்டு சொல்லாதீங்க மகள், அது ஓட்டோக் காசு" என்றார். பதினொரு வருடங்களாகப் படிப்பிக்கிறார். அவரிடம் அரிச்சுவடி பழகியவர்களில் சிலர் இப்போது நம் கல்லூரியில் மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். எமது பிரதேச சபைகளும் நகர சபைகளும் மாநகர சபைகளும், தத்தமது எல்லைக்குள் தன்னார்வ அமைப்புகள் நடத்துகின்ற பாலர் பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் நிரந்தரமான மானியம் ஒதுக்க வேண்டும். அந்த மானியம் ஆசிரியையின் சம்பளத்துக்கே போக வேண்டும்.

சபைகள் எதுவும் கொடுப்பதில்லையா என்று கேட்பீர்கள். கொடுக்கின்றன. டிசம்பரில் விடுகை விழா நடக்கும். நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் போட்டு, வெயிலில் வியர்க்க வியர்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள். பிரதம அதிதியாக உறுப்பினர் ஒருவர் வருவார். பொன்னாடை போர்த்துவார்கள். அவர் இருபது பிளாஸ்டிக் கதிரைகளையோ புத்தகப் பைகளையோ அன்பளிப்புச் செய்வார். அடுத்த நாள் படம் முகநூலில் வரும். படத்தின் ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு, ஆசிரியை நிற்பார். கதிரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்காரத்தான் வேண்டும். ஆனால் கதிரை ஒருமுறை வாங்குகின்ற பொருள். ஆசிரியை ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்கு வந்து கதவைத் திறக்க வேண்டிய மனுஷி.

ஒருமுறைக் கொடைக்கு என்ன நடக்கும் என்பதை எம்மைப் போல் அறிந்தவர்கள் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, எமது கரையோரத்தில் எத்தனை நிறுவனங்கள் பாலர் பாடசாலைக் கட்டடங்கள் கட்டித் தந்தன! சுவரில் யானையும் மயிலும் வரைந்து, வாசலில் ஊஞ்சலும் சறுக்கியும் பூட்டி, பெயர்ப்பலகையும் வைத்துத் திறந்தார்கள். திட்டக் காலம் முடிந்ததும் நிறுவனங்கள் போய்விட்டன. கட்டடம் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது, மாதச் செலவும் ஊருக்கே சொந்தமாகிவிட்டது. சில இடங்களில் அந்தக் கட்டடங்கள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில கூட்ட மண்டபங்களாகிவிட்டன. யானைப் படம் மட்டும் மங்கிப்போய் இன்னும் இருக்கிறது. நன்கொடையாளர்கள் மேல் குறை சொல்வது நியாயமில்லை. கட்டித் தருகிறோம் என்றார்கள், கட்டித் தந்தார்கள். அதை நடத்துகின்ற செலவை வருடாவருடம் யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஊரும் சபையும் சேர்ந்து பதில் தேடவில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொது வீதிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றோடு மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணி வளர்ப்பதையும் சபையின் பணியாகவே வைத்திருக்கிறது. பல சபைகள் தாமே பாலர் பாடசாலைகளை நடத்தியும் வருகின்றன. அப்படியானால், சபை நடத்துகின்ற பாலர் பாடசாலையில் படிப்பிப்பவருக்குச் சபை நிதியிலிருந்து சம்பளம், பக்கத்துத் தெருவில் மாதர் சங்கம் நடத்துகின்ற பாலர் பாடசாலையில் அதே வயதுப் பிள்ளைகளுக்கு அதே பாட்டைச் சொல்லிக் கொடுப்பவருக்கு ஒன்றுமில்லை என்பது என்ன நியாயம்? இரண்டு தெருவாரும் ஒரே சபைக்குத்தானே சோலைவரி கட்டுகிறார்கள்?

பொது நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தைச் சபை நடத்துகிறது. அதனால் சபைக்கு என்ன வருமானம் என்று யாரும் கேட்பதில்லை. வாசிக்கின்ற பிள்ளைக்கு நூலகம் வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதில்தான் இன்னும் தெளிவில்லாமல் இருக்கிறோம்.

கட்டணத்தை மட்டும் நம்பியிருப்பதால் பாடத்துக்கே ஒரு கேடு வருகிறது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. காசு கட்டுகின்ற பெற்றோர் கொப்பியைப் பார்க்கிறார்கள். கொப்பியில் எழுத்து இருந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று நம்புகிறார்கள். மணலில் விளையாடினான், பாட்டுப் பாடினான், பக்கத்துப் பிள்ளையோடு பகிர்ந்து சாப்பிட்டான் என்றால், "இதுக்கா ஆயிரம் ரூவா?" என்று கேட்டு அடுத்த மாதம் வேறிடத்தில் சேர்க்கிறார்கள். இந்தப் பயத்தில் ஆசிரியை மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறார். பயிற்சியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுவல்ல. விளையாட்டு மூலம் கற்பித்தல் பற்றி அவர் படித்துத்தான் வந்திருக்கிறார். அவருடைய ஊதியத்தில் ஒரு பகுதியாவது கட்டணத்தில் தங்கியிராவிட்டால், தான் படித்ததைச் செய்ய அவருக்குத் துணிவு வரும்.

இனி, பராமரிப்பைப் பற்றி. பாலர் பாடசாலை பதினொன்றரைக்கு விட்டுவிடும். வேலைக்குப் போகின்ற தாயின் நாள் பதினொன்றரைக்கு முடிவதில்லை. உம்மம்மா இருக்கின்ற வீடு தப்பித்துக்கொள்ளும். உம்மம்மா நோயாளியாக இருந்தால், தரம் ஆறில் படிக்கின்ற ராத்தா பாடசாலைக்குப் போகாமல் நிற்பாள். 2013இல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல முடியாது என்றது. 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் தேவைப்பட்டதும் பிள்ளையின் தேவை மூன்று வருடம் குறைந்துவிட்டது போலும்! தாய் போவது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. போகாதே என்று சொன்ன காலத்தில், "இங்கேயே வேலை செய், உன் பிள்ளையை நாங்கள் மாலை வரை பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல ஊரில் ஓர் இடமாவது இருந்ததா என்பதே என் கேள்வி. பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே இந்நாட்டில் தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பிள்ளையை விட்டுச் செல்ல நம்பிக்கையான இடமில்லை என்பது அவற்றில் முக்கியமானது. ஏற்கனவே கட்டடமும் பிள்ளைகளும் பழகிய ஆசிரியையும் உள்ள இடம் பாலர் பாடசாலைதான். மானியம் கிடைத்தால், இன்னொருவரை வைத்துப் பின்னேரம் மூன்று மணி வரை திறந்திருக்க முடியும்.

"சபையிடம் காசில்லை" என்பார்கள். உண்மைதான், சில சபைகள் குப்பை வண்டிக்கு டீசல் அடிக்கவே திண்டாடுகின்றன. ஆனாலும் இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஒரு சபையின் எல்லைக்குள் தன்னார்வ அமைப்புகளின் பாலர் பாடசாலைகள் 20 என்போம். இடத்துக்கு இரண்டு ஆசிரியைகள். ஆளுக்கு மாதம் 3,000 ரூபா கொடுத்தால் வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. சபை உறுப்பினர்கள் தங்கள் வட்டாரத்தில் ஒரு குறுக்கு வீதிக்குக் கொங்கிறீட் இட்ட செலவை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது வேறு விடயம். காசு வந்தால் கட்சியும் வரும். தவிசாளருக்கு வாக்களித்த தெருவுக்கு மானியம், அளிக்காத தெருவுக்கு வெறுங்கை என்று ஆகலாம். உறுப்பினரின் உறவுக்காரிக்காக ஒரு 'பாலர் பாடசாலை' கடதாசியில் முளைக்கலாம். ஆகவே இது உறுப்பினரின் விருப்பப்படி கொடுக்கின்ற உதவியாக இருக்கக் கூடாது. பாதீட்டில் தனித் தலைப்பில், எழுதப்பட்ட விதிப்படி வர வேண்டும். மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தில் பதிவு செய்த நிலையமா, பயிற்சி பெற்ற ஆசிரியையா, உண்மையில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்தால் போதும். காசு ஆசிரியையின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். யாருக்கு எவ்வளவு என்பதைச் சபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். கணக்காய்வு எப்படியும் நடக்கத்தான் போகிறது. அதேநேரம் பணம் தருகிறோம் என்பதற்காகப் பாலர் பாடசாலையின் பெயரை மாற்றச் சொல்லவோ, நிர்வாகத்தில் ஆள் போடவோ சபைக்கு உரிமை இருக்கக் கூடாது. இந்த அச்சம் தீர்ந்தால்தான் எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் முன்வரும்.

இது மாகாண சபையின் வேலை அல்லவா என்றும் ஒரு கேள்வி வரும். 13ஆவது திருத்தத்தின்படி பாலர் பாடசாலைகளை மேற்பார்வை செய்வது மாகாணத்துக்கு உரியதுதான். ஆனால் கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. நாம் போய்க் கேட்கக்கூடிய தெரிவு செய்யப்பட்டவர் அங்கே ஒருவரும் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடங்களுக்கு மேல் வெறுமையாகத்தான் கிடந்தன. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு அங்கே மறுபடியும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு 25 வீதம் என்ற ஏற்பாட்டினால் பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பாலர் பாடசாலையில் படிப்பித்தவர்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆசிரியைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சகோதரிகளே, இது யாரோ ஒரு டீச்சரின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். உயர்தரம் எழுதிவிட்டு, வெட்டுப்புள்ளியில் சிறிது தவறி, "சும்மா வீட்டில் இருப்பதற்கு மொண்டிசோரிக்கு வரலாமே மகள்" என்று அழைக்கப்படப் போகிறவர்கள் எம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கற்கைநெறிக்குக் கைக்காசு கட்டிச் சேரப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விரும்பிப் போகிறவர்களுக்கும் வேறு வழியில்லாமல் போகிறவர்களுக்கும் மாத முடிவில் கிடைக்கப்போவது ஒரே ஓட்டோக் காசுதான்.

அடுத்த ஆண்டுக்கான பாதீடு வருட இறுதிக்குள் சபைகளில் முன்வைக்கப்படும். அதற்கு முன், உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினரின் வீட்டுக்கு உம்மாவோடு போய் இதைக் கேளுங்கள். "தன்னார்வ அமைப்புகளின் பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு" என்று பாதீட்டில் ஒரு வரி. அதன் எதிரே ஒரு தொகை.